போர் விமானத்தில் மின்பணி: புதிதாகச் சேர்பவருக்கு ஒரு செயல்முறை வழிகாட்டி

போர் விமானம் ஒன்று ஹேங்கரில் நிற்கும்போது பார்ப்பவர் கண்ணில் படுவது இறக்கையும் எஞ்சினும் அடியில் தொங்கும் ஆயுதங்களும்தான். அதன் தோலுக்குள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடும் மின்கம்பிகளோடு நாள் முழுவதும் மல்லுக்கு நிற்பவர் மின்பணியாளர் மட்டுமே. எரிபொருள் பம்பு, எஞ்சினைக் கிளப்பும் சுற்று, தீ எச்சரிக்கை, சக்கரம் இறங்கிப் பூட்டிக்கொண்டது என்று காட்டும் பச்சை விளக்கு, விமானியின் முகத்துக்கு முன்னால் உள்ள கண்ணாடியைச் சூடாக்கும் இழை ஆகிய எல்லாவற்றுக்கும் மின்சாரம் போய்ச் சேர்கிறதா என்று பார்ப்பது அவர் பொறுப்பு. ரேடாரும் வானொலியும் பெரும்பாலும் வேறு பிரிவினரிடம் இருக்கும். ஆனால் அவற்றுக்கு மின்சாரம் வரவில்லை என்றால் முதலில் கூப்பிடப்படுபவரும் இவர்தான். இந்த வேலையில் சேரும் ஒருவர் முதல் இரண்டு ஆண்டுகளில் கற்க வேண்டியவற்றை, நான் கற்றுக்கொண்ட வரிசையில் அல்லாமல், கற்றிருக்க வேண்டிய வரிசையில் இங்கே எழுதுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு கருவி வேலை செய்யாதபோது அதைக் கழற்றிவிட்டு ஸ்டோரிலிருந்து வேறொன்றை வாங்கி மாட்டுவது இத்துறையின் பழைய நோய். விமானம் அடுத்த அரைமணியில் பறந்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் அது வேலை போலவே தோன்றும். சில சமயம் குறையும் மறைந்துவிடும், ஏனென்றால் பெட்டியைக் கழற்றி மாட்டும்போது கனெக்டர் (வயர்களைச் சேர்க்கும் செருகி) ஒருமுறை அசைந்து, அதற்குள் தொடர்பு விட்டிருந்த ஊசிமுனை, அதாவது ‘பின்’, தற்காலிகமாகச் சேர்ந்துகொள்கிறது. கழற்றிய பெட்டி சோதனைப் பட்டறைக்குப் போய், ‘குறை எதுவும் இல்லை’ என்ற சீட்டோடு திரும்பி வரும். மூன்றாம் நாள் அதே குறை அதே விமானத்தில் தலைகாட்டும். கீழே வரும் செய்முறைகள் எல்லாமே, பெட்டி மேல் கை வைப்பதற்கு முன்பு குறை எங்கே இருக்கிறது என்று அளந்து நிறுவுவது எப்படி என்பதைப் பற்றியவை.

மின்சாரம் வரும் வழி

எஞ்சினோடு இணைந்த ஜெனரேட்டர்தான் முதன்மை ஊற்று. பெரும்பாலான போர் விமானங்களில் அது தருவது 115/200 வோல்ட், 400 ஹெர்ட்ஸ், மூன்று ஃபேஸ் மாறுதிசை மின்சாரம். ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 115 வோல்ட், இரண்டு ஃபேஸுகளுக்கு இடையே 200 வோல்ட் என்று இதைப் படிக்க வேண்டும். வீட்டு மின்சாரம் 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருக்கும்போது விமானத்தில் மட்டும் ஏன் 400 என்றால், அதிர்வெண் உயர்ந்தால் டிரான்ஸ்ஃபார்மருக்கும் மோட்டாருக்கும் தேவைப்படும் இரும்பின் அளவு குறைந்து எடை இறங்குகிறது என்பதே காரணம். எஞ்சின் வேகம் ஏறி இறங்கினாலும் அதிர்வெண் மாறாமல் இருக்க, ஜெனரேட்டருக்கு முன்னால் மாறா வேக இயக்கி ஒன்று வைக்கப்படும். நான்கு துருவ ஜெனரேட்டர் நிமிடத்துக்கு 12,000 சுற்றும்போது 400 ஹெர்ட்ஸ் வரும் என்ற கணக்கை மனத்தில் வைத்திருந்தால், அதிர்வெண் குறைகிறது என்ற புகார் வந்தவுடன் மின்பகுதியை மட்டும் பார்க்காமல் அந்த இயக்கியின் எண்ணெய் அளவையும் பார்க்கத் தோன்றும்.

இந்த மாறுதிசை மின்சாரத்தின் ஒரு பகுதி, டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர் பெட்டி வழியாக 28 வோல்ட் நேர்மின்சாரமாக (டி.சி.) மாறுகிறது. ரிலேக்கள், விளக்குகள், கட்டுப்பாட்டுச் சுற்றுகள் பெரும்பாலும் இதில்தான் ஓடும். எல்லாம் போனால் கைகொடுக்க 24 வோல்ட் பேட்டரி இருக்கிறது. எஃப்-22, எஃப்-35 போன்ற பிற்கால விமானங்களில் 270 வோல்ட் நேர்மின்சாரம் முதன்மை இடத்துக்கு வந்துவிட்டது. பழைய விமானத்தில் பழகிய கை அங்கே போகும்போது, நேர்மின்சாரம் என்றாலே 28 வோல்ட் என்ற அலட்சியத்தை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும்.

புதிதாக வருபவர் செய்ய வேண்டிய முதல் வேலை, தன் விமானத்தின் பஸ்பார் அமைப்பை, அதாவது பல சுற்றுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொதுத் தண்டுகளின் அமைப்பை, கையேட்டைப் பார்க்காமல் ஒரு தாளில் வரையப் பழகுவது. எந்த ஜெனரேட்டர் எந்த பஸ்ஸுக்கு ஊட்டுகிறது, ஒன்று விழுந்தால் எந்தக் கான்டாக்டர் (பெரிய மின்காந்த சுவிட்ச்) மூடுகிறது, எந்தச் சுமைகள் தாமாகவே கழற்றிவிடப்படுகின்றன, கடைசியில் பேட்டரி மட்டும் இருக்கும்போது எவை உயிரோடு இருக்கும் என்பதை நான்கு வண்ணப் பென்சிலில் போட்டுப் பாருங்கள். ஒருவர் மூன்று சாதனங்கள் ஒரே நேரத்தில் செத்துவிட்டன என்று சொல்லும்போது, அந்த மூன்றும் சேர்கிற ஒரே புள்ளி எது என்பதை அந்தப் படம் நொடியில் காட்டிக் கொடுக்கும். இதை வரையத் தெரியாமல் மல்டிமீட்டரோடு விமானத்துக்குள் ஏறுவது வீண் அலைச்சல்.

கை வைப்பதற்கு முன்

மோதிரம், கைக்கடிகாரம், கழுத்துச் சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு வாருங்கள். 28 வோல்ட் ஷாக் அடிக்காது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் பேட்டரி முனைக்கும் விமான உடலுக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மோதிரம், வெல்டிங் ராடு போலச் சிவந்து விரலைத் தின்றுவிடும். கருவிப் பெட்டியில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் வடிவத்தில் வெட்டிய குழி இருக்கும். ஏறும்போது எண்ணியது இறங்கும்போது குறையக் கூடாது. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை காணாமல் போனாலும் விமானம் பறக்காது என்ற விதி கடுமையாகத் தெரியலாம், அது கட்டுப்பாட்டுக் கம்பிக்கும் கப்பிக்கும் இடையே எங்கேயாவது கிடக்கலாம் என்பதை நினைத்துப் பார்க்கும் வரை.

காக்பிட்டுக்குள் ஏறுவதற்கு முன்பு, ஆபத்தில் விமானியை வெளியே வீசும் வெளியேற்று இருக்கையின் பாதுகாப்புப் பின்கள் செருகப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சிவப்பு நாடா தொங்குவதைத் தூரத்தில் நின்று பார்த்தது போதாது. சக்கரத்தின் தரைப் பூட்டுகள், ஆயுதத் தாங்கிகளின் பின்கள், காக்பிட்டில் உள்ள முதன்மை ஆயுத சுவிட்ச் ஆகியவற்றையும் அப்படியே. மின்சாரம் கொடுப்பதற்கு முன்பு சக்கர நெம்புகோல், இறக்கையின் மடிப்புத் தகடு (ஃபிளாப்), பம்பு சுவிட்சுகள் எந்த நிலையில் இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். முந்தைய ஷிப்டில் யாரோ எதையோ சோதித்துவிட்டு விட்ட நிலையிலேயே அவை இருக்கக்கூடும். மற்றவர் வேலை செய்யும் சுற்றின் சர்க்யூட் பிரேக்கரில் தொங்கும் எச்சரிக்கை அட்டையை, அதில் பெயர் எழுதியவரைத் தவிர வேறு யாரும் எடுக்கக் கூடாது. அவர் சாப்பிடப் போயிருந்தால் காத்திருக்க வேண்டியதுதான்.

ஜாக்கியில் ஏற்றிய விமானத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். சக்கரத்தின் மேல் எடை இருக்கிறதா என்று அறியும் சுவிட்ச் ஒன்று இறங்குகால்களில் இருக்கிறது. தரையில் சக்கரம் மடங்காமலும் ஆயுதச் சுற்று உயிர்பெறாமலும் தடுப்பது பெரும்பாலும் அதுதான். ஜாக்கியில் தூக்கியவுடன் எடை போய்விடுகிறது, விமானம் தான் பறப்பதாக நினைத்துக்கொள்கிறது. தரையில் செத்துக் கிடக்கும் சுற்றுகள் அப்போது உயிரோடு இருக்கும்.

ஆயுதச் சுற்றில் ஒரு சிறிய மின்தாவல் என்ன செய்யும் என்பதற்கு எங்கள் பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லப்பட்ட சம்பவம், 1967 ஜூலை 29 அன்று டோங்கின் வளைகுடாவில் இருந்த யுஎஸ்எஸ் ஃபாரஸ்டல் விமானந்தாங்கிக் கப்பலில் நடந்தது. ஒரு எஃப்-4 ஃபேன்டம் விமானம் வெளி மின்சாரத்திலிருந்து தன் சொந்த மின்சாரத்துக்கு மாறிய நேரத்தில் எழுந்த மின்தாவலால், அதில் தொங்கிய ஜூனி ராக்கெட் ஒன்று தானே கிளம்பி எதிரே நின்ற விமானத்தில் பாய்ந்தது. தொடர்ந்த தீயிலும் வெடிப்புகளிலும் 134 பேர் இறந்தனர். ராக்கெட்டின் இணைப்பு வயரைக் கடைசி நேரத்தில் செருகுவதும், பாதுகாப்புப் பின்னைக் கடைசி வரை எடுக்காமல் இருப்பதும் இப்படிப்பட்ட தாவலைத் தாங்கும் இரண்டு அரண்கள். அன்று இரண்டுமே இல்லாமல் போயிருந்தன. ஆகவே ஆயுதம் மாட்டுவதற்கு முன்பு அந்தச் சுற்றில் வேண்டாத மின்னழுத்தம் எதுவும் இல்லை என்று அளந்து பார்க்கும் சோதனையைச் சடங்காக நினைக்காதீர்கள். வெடிபொருள் கேட்ரிட்ஜ் உள்ள சுற்றில் சாதாரண மல்டிமீட்டரின் ஓம் நிலையை ஒருபோதும் வைக்கக் கூடாது. அந்த மீட்டர் அனுப்பும் சிறு மின்னோட்டம்கூட வேண்டாத விருந்தாளி. அதற்கென்று மின்னோட்டம் மட்டுப்படுத்தப்பட்ட தனிச் சோதனைக் கருவி உண்டு.

விமானத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் தரைமின் வண்டியை இணைக்கும்போது பிளக்கைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மாறுதிசைப் பிளக்கில் ஏ, பி, சி, என் என்று நான்கு பெரிய துளைகளும், ஈ, எஃப் என்று இரண்டு சிறியவையும் இருக்கும். விமானத்தின் பக்கத்தில் ஈ, எஃப் பின்கள் மற்றவற்றைவிடக் குட்டையானவை. செருகும்போது அவை கடைசியில் தொட்டு, அதன் பிறகே கான்டாக்டரை மூட அனுமதிக்கின்றன. பிடுங்கும்போது முதலில் விட்டு, பெரிய பின்கள் விலகுவதற்குள் மின்சாரத்தை நிறுத்திவிடுகின்றன. இந்த ஏற்பாடு இருக்கிறது என்பதற்காக மின்சாரம் ஓடும்போது பிளக்கை இழுக்கலாம் என்று அர்த்தமில்லை. ஃபேஸ் வரிசை தலைகீழாக வந்தால் காவல் பெட்டி அதை உள்ளே விடாது. அந்தக் காவல் கெட்டிருந்தால் மூன்று ஃபேஸ் மோட்டார்கள் பின்பக்கமாகச் சுற்றும். குளிரூட்டும் விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும், காற்று மட்டும் வராது.

ஸ்னாக் தேடுதல்

விமானி எழுதிக் கொடுக்கும் குறையை எங்கள் பேச்சில் ஸ்னாக் என்போம். அவர் எழுதியது ஒரு வரியாக இருக்கும்: ‘வலது ஜெனரேட்டர் விளக்கு அவ்வப்போது எரிகிறது’. இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்காதீர்கள். முடிந்தால் அவரையே தேடிப் பிடித்து, எந்த உயரத்தில், திரும்பும்போதா, எஞ்சின் வேகம் மாற்றும்போதா, எத்தனை நொடி, கூடவே வேறு எந்த விளக்காவது மங்கியதா என்று கேளுங்கள். விமானிகள் பொறுமையாகப் பதில் சொல்வார்கள். அவர்கள் உட்காரப்போவதும் அதே இருக்கையில்தான். அடுத்ததாக அந்த விமானத்தின் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டி, அந்தப் பகுதியில் கடந்த ஓராண்டில் யார் எதைத் திறந்தார்கள் என்று பாருங்கள். இந்த இரண்டுக்கும் சேர்த்து அரைமணி ஆகும், அது மிச்சப்படுத்துவது பல மணி நேரம்.

பிறகு குறையை உங்கள் கண்முன் வரவழைக்க வேண்டும். வராத குறையைச் சரிசெய்துவிட்டேன் என்று கையெழுத்துப் போட யாருக்கும் உரிமை இல்லை. வந்துவிட்டால், வயரிங் டயகிராமில் அந்தச் சுற்றின் ஊற்றுக்கும் சுமைக்கும் நடுவே எளிதில் எட்டக்கூடிய ஒரு புள்ளியைத் தேர்ந்தெடுத்து அங்கே அளந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் குறை அதற்கு அப்பால்; இல்லையென்றால் இப்பால். மிச்சமிருக்கும் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். பதினாறு இணைப்புகள் உள்ள சுற்றில் நான்கு அளவீடுகளில் இடம் பிடிபட்டுவிடும். ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் போகிறவர் அதே வேலைக்கு ஒரு ஷிப்டையே செலவழிப்பார்.

அளக்கும்போது மீட்டர் சொல்வதை அப்படியே நம்பக் கூடாத இடங்கள் சில உண்டு. பத்தொன்பது இழைகள் கொண்ட வயரில் பதினெட்டு அறுந்து ஒன்று மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தாலும் ஓம் மீட்டர் தொடர்ச்சி இருக்கிறது என்று பீப் அடிக்கும், சுமை இல்லாத நிலையில் 28 வோல்ட்டும் முழுதாகக் காட்டும். பம்பை ஓட்டினால்தான் அந்த ஒற்றை இழையில் அழுத்தம் சரியும். எனவே சுமை ஓடும்போதே மின்னழுத்த இறக்கத்தை அளப்பதும், கையேடு அனுமதிக்கும் இடத்தில் ஒரு சோதனை விளக்கைச் சுமையாக மாட்டுவதும் வழக்கமாக வேண்டும். இதற்கு எதிரான ஏமாற்றும் உண்டு: இருபுறமும் அறுந்து கிடக்கும் வயர், பக்கத்தில் ஓடும் 400 ஹெர்ட்ஸ் வயரிலிருந்து தூண்டப்பட்டு டிஜிட்டல் மீட்டரில் சில வோல்ட் காட்டும், உண்மையில் அங்கே எதுவும் இருக்காது. மேலும் வீட்டு உபயோகத்துக்கான மலிவு மீட்டர்கள் பல 50, 60 ஹெர்ட்ஸுக்கு அளவுதிருத்தம் செய்யப்பட்டவை. 400 ஹெர்ட்ஸில் அவை சொல்வது கதை.

தரையிணைப்பை மறந்துவிடாதீர்கள். மின்சாரம் போகும் வழியை எல்லோரும் தேடுவார்கள், திரும்பி வரும் வழியைத் தேட ஆளிருக்காது. ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத இரண்டு கருவிகள் சேர்ந்தே பேயாட்டம் ஆடினால், அவற்றின் தரை வயர்கள் ஒரே போல்ட்டில் சேர்கின்றனவா என்று பாருங்கள். உடல் இணைப்பின் எதிர்ப்பு பெரும்பாலும் 2.5 அல்லது 3 மில்லிஓமுக்குள் இருக்க வேண்டும் என்று கையேடு கேட்கும். அதைச் சாதாரண மல்டிமீட்டரால் அளக்க முடியாது, நான்கு முனை மில்லிஓம் மீட்டர் வேண்டும். போல்ட்டுக்கு அடியில் பெயின்ட்டோ துருவோ இருந்தால் அந்த எண் உடனே ஏறிவிடும்.

தானாக விழுந்த (டிரிப் ஆன) சர்க்யூட் பிரேக்கரைத் திரும்பத் திரும்ப அழுத்தாதீர்கள். அது காப்பது கருவியை என்று பலர் நினைக்கிறார்கள். அது வைக்கப்பட்டிருப்பது வயர் எரியாமல் இருக்க. தரையில் நிற்கும் விமானத்தில், காரணம் தெரியாமல் அதை ஒருமுறைகூட அழுத்துவதற்கு அவசரம் எதுவும் கிடையாது. காப்புறையின் நிலையைச் சோதிக்க மெகர் (உயர் மின்னழுத்தம் கொடுத்துக் காப்புறையின் எதிர்ப்பை அளக்கும் கருவி) வைப்பதானால், வயரின் இருமுனைகளையும் கழற்றிவிட்டு வையுங்கள். 500 வோல்ட் மெகரைக் கழற்றாத மின்னணுப் பெட்டிக்குள் விட்டவரின் அன்றைய நாள் நல்லபடியாக முடிவதில்லை.

மேலே சொன்ன அந்த ஜெனரேட்டர் விளக்குக்கு வருகிறேன். விமானியைக் கேட்டதில், தரையிறங்கி ஓடும்போது மட்டும் இரண்டு மூன்று நொடி எரிந்து அணைகிறது என்றார். அதற்குள் ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுப் பெட்டி இரண்டு முறை மாற்றப்பட்டிருந்தது. இரண்டும் பட்டறையிலிருந்து நல்ல சீட்டோடு திரும்பிவிட்டன. தரையிறங்கும்போது மட்டும் என்றால் அதிர்ச்சி. அதிர்ச்சி என்றால் சக்கரக் குழியை ஒட்டிய வயரிங். மின்சாரம் கொடுத்துவிட்டு, ஒருவர் காக்பிட்டில் விளக்கைப் பார்த்துக்கொண்டிருக்க, நான் குழிக்குள் படுத்து வயர்க் கட்டை ஒரு கிளாம்ப்புக்கும் அடுத்த கிளாம்ப்புக்கும் இடையே மெதுவாக அசைத்துக்கொண்டே போனேன். மூன்றாவது கனெக்டரில் மேலிருந்து குரல் வந்தது. கழற்றி, டார்ச்சைச் சாய்வாகப் பிடித்துப் பார்த்தால், முப்பது சொச்சம் பின்களில் ஒன்று மட்டும் மற்றவற்றைவிட ஒரு மில்லிமீட்டர் உள்ளே போயிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. பக்கவாட்டில் பார்க்கும்போது அந்த ஒரு முனையின் நிழல் மட்டும் குட்டையாக விழுந்தது.

வயர், கனெக்டர்

வயரின் மேல் அச்சிட்டிருக்கும் எண் ஒரு முகவரி. பல விமானங்களில் பின்பற்றப்படும் அமெரிக்க முறைப்படி ‘எல்47சி20என்’ என்று இருந்தால், எல் என்பது விளக்குச் சுற்று, 47 அந்தச் சுற்றில் வயரின் எண், சி என்பது மூன்றாவது துண்டு, 20 பருமன், என் என்றால் தரைக்குப் போவது. ஒவ்வொரு கனெக்டரைக் கடக்கும்போதும் துண்டு எழுத்து ஒன்று முன்னேறும், ஆகவே எத்தனை இணைப்பு தாண்டி வந்திருக்கிறோம் என்பதை வயரே சொல்லிவிடும். பருமன் எண் ஏற ஏற வயர் மெலியும் என்பது முதல் வாரத்தில் எல்லோரையும் குழப்பும்.

கிரிம்ப் அடிப்பது, அதாவது பின்னை வயர் முனையின் மேல் நசுக்கி இறுக்குவது, கைப்பழக்கம். காப்புறையை உரிக்கும்போது இழைகளில் கீறல் விழக் கூடாது. விழுந்தால் வெட்டிவிட்டு மறுபடி உரியுங்கள். பின்னின் பக்கவாட்டில் உள்ள சிறு துளை வழியாக இழை தெரிந்தால்தான் வயர் அடிவரை போயிருக்கிறது என்று பொருள். முழு அழுத்தம் போகாமல் திறக்காத ராட்செட் வகைக் கருவியை மட்டும் பயன்படுத்துங்கள், ஷிப்ட் தொடங்கும்போது அதைக் கேஜ் ஊசியால் சோதியுங்கள்: பச்சை முனை போக வேண்டும், சிவப்பு முனை போகக் கூடாது. பின்னைக் கனெக்டருக்குள் தள்ளும்போது உள்ளே உள்ள கிளிப் பிடித்துக்கொள்கிற சின்ன ‘டிக்’ விரலில் தெரியும். ஹேங்கர் இரைச்சலில் காதுக்குக் கேட்காது. அதற்குப் பிறகு வயரை மெதுவாகப் பின்னோக்கி இழுத்துப் பார்க்க வேண்டும். இந்த இழுப்பை விட்டுவிட்டால், முழுதாக அமராத பின்னும் எதிர்ப் பின்னோடு தொட்டுக்கொண்டு சோதனைகளில் எல்லாம் தேறி, அதிர்வு வந்தால்தான் விலகும்.

வயர்க் கட்டை ஓட்டும்போது வளைவின் ஆரம், கட்டில் உள்ள மிகப் பருமனான வயரின் விட்டத்தைப்போல் பத்து மடங்குக்குக் குறையாமல் பார்த்துக்கொள்வதும், இரண்டு கிளாம்ப்புகளுக்கு நடுவே கையால் அழுத்தினால் அரை அங்குலத்துக்கு மேல் தொங்காமல் கட்டுவதும் பொது விதி. எரிபொருள் குழாயோடு சேர்த்து ஒருபோதும் கட்டாதீர்கள், குழாய்க்கு மேலே ஓட்டுங்கள், கீழே ஓட்டினால் கசிவு வயரின் மேல் சொட்டும். கனெக்டருக்குள் நுழைவதற்கு முன்பு வயர் சற்றுத் தாழ்ந்து ஏற வேண்டும். தண்ணீர் அந்தத் தாழ்வில் சொட்டிப் போய்விடும். தகடு துளைப்பவர்கள் வேலை முடித்துப் போன இடத்தை உறிஞ்சியால் சுத்தம் செய்துவிட்டுப் பாருங்கள். அவர்கள் விட்டுப்போன உலோகச் சுருள் ஒன்று வயர்க் கட்டுக்குள் புகுந்து, ஒவ்வொரு பறப்பிலும் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். அவர்களிடம் சண்டை போடுவதைவிட, துளைக்கும் முன்பே கட்டை ஒரு விரிப்பால் மூடிவிடுவது சுலபம்.

கேப்டான் (Kapton) என்று அழைக்கப்படும் பாலிஇமைடு காப்புறை மெல்லியது, வெப்பம் தாங்குவது. எனவே ஒரு காலத்தில் போர் விமானங்களில் எங்கும் புகுந்தது. வெடிப்பு விழுந்து ஈரம் பட்டால் அதன் மேல் பொறி ஓடி, காப்புறையே கரியாகி மின்சாரத்தைக் கடத்தத் தொடங்கும். பிரேக்கர் விழுவதற்குள் பக்கத்து வயர்களும் எரிந்துவிடக்கூடும். பழைய விமானத்தில் இந்த மஞ்சள் கலந்த பழுப்பு வயரைக் கண்டால் அதை வளைக்காமல், முறுக்காமல், பூதக்கண்ணாடியோடு பாருங்கள். வயரில் தொடங்கும் பொறி எவ்வளவு தூரம் போகும் என்பதை 1998 செப்டம்பர் 2 அன்று 229 பேரோடு கடலில் விழுந்த சுவிஸ்ஏர் 111 காட்டியது. காக்பிட்டின் பின்சுவரை ஒட்டி, கூரையின் மேல் ஒரு வயரில் எழுந்த பொறி, அருகே இருந்த காப்பு விரிப்பின் மேலுறையைப் பற்றவைத்திருக்க வேண்டும் என்று விசாரணை முடிவு செய்தது. அது பயணிகள் விமானம்தான், ஆனால் வயருக்குச் சீருடை கிடையாது.

பேட்டரி

நிக்கல்-காட்மியம் பேட்டரியில் 19 அல்லது 20 செல்கள், ஒவ்வொன்றும் சுமார் 1.2 வோல்ட். இதன் திரவம் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். ஈய-அமில பேட்டரியின் அமிலத் துளி இதற்குள் விழுந்தால் செல் கெட்டது. ஆகவே இரண்டுக்கும் தனி அறை, தனிக் கருவி, தனிப் புனல். ஹைட்ரோமீட்டரைக் கொண்டுவராதீர்கள், சார்ஜ் ஏறினாலும் இறங்கினாலும் இந்தத் திரவத்தின் அடர்த்தி மாறுவதில்லை. தண்ணீர் அளவைச் சார்ஜ் முடியும் கட்டத்திலோ கையேடு சொல்லும் இடைவெளிக்குள்ளோதான் பார்க்க வேண்டும். சார்ஜ் இறங்கிய நிலையில் தகடுகள் திரவத்தை உறிஞ்சிவிடுவதால் மட்டம் தாழ்ந்து தெரியும். அதைக் கண்டு ஊற்றினால், சார்ஜ் ஏறும்போது பொங்கி வழியும்.

பேட்டரி சூடாகி, சூட்டால் அதன் மின்னழுத்தம் இறங்கி, அதனால் மேலும் மின்னோட்டத்தை இழுத்து, மேலும் சூடாகும் சுழல் ஒன்று உண்டு. சார்ஜ் ஏறிய பிறகும் அம்மீட்டர் முள் இறங்காமல் ஏறிக்கொண்டே போனால் அது தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே சார்ஜைத் துண்டியுங்கள். கழற்றும்போது எதிர்மின் (நெகட்டிவ்) முனையை முதலில், மாட்டும்போது அதைக் கடைசியில். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் எப்போதும்.

பதிவேடு

வேலையின் மற்றப் பகுதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு ஷிப்ட் வரும், மழையில் ஃபிளைட் லைனில், அதாவது விமானங்கள் நிற்கும் திறந்தவெளியில், நிற்க நேரும், நிறப்பார்வைச் சோதனையில் தேறாதவரைப் பல படைகள் இந்தப் பிரிவில் எடுப்பதில்லை. பதிவேட்டை மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

எந்தப் பேனலைத் திறந்தீர்கள், எந்தக் கனெக்டரைப் பிரித்தீர்கள், எந்தப் பிரேக்கரை இழுத்துவைத்தீர்கள் என்பதைச் செய்தவுடனே எழுதுங்கள். ஷிப்ட் முடிவில் நினைவிலிருந்து எழுதினால் ஒன்று விடுபடும். அளந்த எண்ணை எழுதுங்கள், ‘சரியாக உள்ளது’ என்று எழுதாதீர்கள். நாளை அதே சுற்றில் வேலை செய்பவருக்கு 27.6 என்ற எண் உதவும், ‘சரி’ என்ற சொல் உதவாது. வேலையைப் பாதியில் விட்டு ஷிப்ட் மாறினால், அடுத்தவரை விமானத்துக்கே கூட்டிப்போய்க் காட்டிவிட்டுப் போங்கள். செய்தவர் ஒருவர், சரிபார்த்துக் கையெழுத்திடுபவர் இன்னொருவர் என்ற ஏற்பாடு நம்பிக்கையின்மையால் வந்ததில்லை. தன் கைவேலையின் குறை தன் கண்ணில் படாது என்பதால் வந்தது.

அந்த உள்ளே போன பின்னைச் சரிசெய்த பிறகு, கனெக்டரை முன்பு திறந்தது யார் என்று பதிவேட்டைத் தேடினேன். தொடக்கத்தில் புரட்டியபோது ஜெனரேட்டர் தலைப்பின் கீழ் மட்டும் பார்த்திருந்தேன். இது சக்கர விளக்கு வேலையின் கீழ் இருந்தது. ஏழு மாதத்துக்கு முந்தைய பதிவு, கையெழுத்து என்னுடையது. ‘பின் முழுமையாக அமரவில்லை, இழுப்புச் சோதனை செய்யப்படவில்லை’ என்று காரணப் பத்தியில் நானே எழுதி, மேற்பார்வையாளரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் திட்டவில்லை. அந்த வாரத்தில் நான் பிரித்து மூட்டிய மற்ற கனெக்டர்களின் பட்டியலை எடுக்கச் சொன்னார். ஒன்பது இருந்தன, மூன்று விமானங்களில். அடுத்த இரண்டு இரவுகளில் ஒவ்வொன்றாகத் திறந்து, ஒவ்வொரு வயரையும் இழுத்துப் பார்த்தோம். ஆறாவதில் இன்னொரு பின் நகர்ந்தது.